கேட்பதற்கென்று ஒரு தனிக் கம்பி

தமிழ்நாட்டு ஹாம் வானொலி நண்பர்களே,

80 மீட்டர், 160 மீட்டர் அலைவரிசைகளில் நீங்கள் போடும் சிக்யூ அழைப்பு வெளியே போய்ச் சேருகிறது. ஐரோப்பாவில் கேட்கிறார்கள், ஜப்பானில் கேட்கிறார்கள், கேட்டவர்கள் திரும்பக் கூப்பிடவும் செய்கிறார்கள். உங்களுக்குத்தான் கேட்பதில்லை. பதில் வந்துகொண்டிருக்கும்போதே அதன் தலைமேல் அடுத்த சிக்யூவை வைக்கிறீர்கள். அந்தப் பக்கத்துக்காரர் இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு டயலைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். இந்த மாதிரி நிலையத்துக்கு வெளிநாட்டு ஹாம்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'முதலை'. வாய் பெரிசு, காது சிறிசு. இந்தப் பெயர் நம் வியூ அழைப்புக்குறிகளோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கொஞ்சம் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நெட்டுகளில் என்ன பேசுகிறோம் என்று ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். என்ன ரிக், எத்தனை வாட், லீனியர் எங்கே வாங்கினீர்கள், எஸ்டபிள்யூஆர் எவ்வளவு. எல்லோருக்கும் எல்லோரும் '59 பிளஸ்' கொடுத்துக்கொள்கிறோம். இரைச்சல் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டு நான் கேட்டதேயில்லை. 'உங்கள் ரிசீவிங் ஆன்டெனா என்ன?' என்று கேட்டால், கேள்வியே விளங்காதது போல 'அதே ஆன்டெனாதான் சார்' என்று பதில் வருகிறது. என் முழுக் குறையும் அந்த 'அதே' என்ற இடத்தில்தான்.

14 மெகாஹெர்ட்ஸில் அதே ஆன்டெனா போதும். நல்ல யாகி ஒன்று இருந்தால் பேசவும் அதுவே, கேட்கவும் அதுவே. கீழே வர வர இந்தச் சலுகை நம்மிடமிருந்து பறிபோகிறது. 1.8 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 160 மீட்டருக்கு மேல். அனுப்பும் ஆன்டெனாவிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்று: கொடுத்த சக்தியை மண்ணில் விடாமல் வானத்துக்கு, அதுவும் தாழ்ந்த கோணத்தில், அனுப்பு. வாங்கும் ஆன்டெனாவிடம் கேட்பது வேறு: சிக்னல் எவ்வளவு சின்னதானாலும் சரி, இரைச்சலை அதைவிடச் சின்னதாக்கிக் கொடு. முதல் வேலைக்கு உயரமும் செம்பும் வேண்டும். இரண்டாவது வேலைக்கு வீட்டை விட்டுத் தள்ளிப் போவதும், ஒரு திசையைப் பார்த்து மற்றத் திசைகளுக்கு முதுகு காட்டுவதும் வேண்டும். ஒரே கம்பியில் இரண்டையும் வாங்க வேண்டுமானால் நிலமும் பணமும் சேர்ந்திருக்க வேண்டும். நம்மில் அப்படிப்பட்டவர்கள் குறைவு.

அனுப்பும் கம்பியின் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் எஸ்டபிள்யூஆர் பக்தியை அங்கேயே கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 160-க்குக் கால் அலைநீள வெர்டிகல் என்றால் ஏறக்குறைய 40 மீட்டர் உயரம். எந்தத் தென்னையும் அவ்வளவு வளர்வதில்லை. ஆகவே 12 மீட்டரை மேலே ஏற்றி, மிச்சத்தை அடுத்த மரத்துக்குப் படுக்கையாக இழுத்து இன்வர்டட் எல் கட்டுகிறோம். நல்ல தேர்வு, குறை சொல்லமாட்டேன். அந்தக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை சுமார் 8 ஓம். அடியில் ஒற்றை எர்த் பைப்பை அடித்துவிட்டு, மண்ணின் இழப்பு 42 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 50. மீட்டர் 1:1 என்று காட்டும். உங்கள் முகம் மலரும். ஆனால் 100 வாட்டில் 16 வாட்தான் வானத்துக்குப் போகிறது. 84 வாட் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. இப்போது பொறுமையாக அடியிலிருந்து சுற்றிலும் ரேடியல் கம்பிகளைப் பரப்பி இழப்பை 8 ஓமுக்கு இறக்குகிறீர்கள். மொத்தம் 16 ஓம். எஸ்டபிள்யூஆர் 3-க்கு ஏறிவிட்டது! பலர் இந்த இடத்தில் பயந்துபோய் ரேடியல்களைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் 50 வாட் மேலே போக ஆரம்பித்திருப்பது அப்போதுதான். அந்த 16-ஐ 50-க்குப் பொருத்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போதும். ஐந்து டெசிபல் லாபம். அதே லாபத்தை லீனியரில் வாங்க 100 வாட்டை 300 வாட்டுக்கு மேல் கொண்டுபோக வேண்டும், கரண்ட் பில்லும் சேர்த்து.

1937-ல் அமெரிக்காவில் ஆர்சிஏ பொறியாளர்களான பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் 113 ரேடியல்கள் வரை புதைத்து அளந்த முடிவுகளை வெளியிட்டார்கள். மத்திய அலை ஒலிபரப்புக் கோபுரங்களைச் சுற்றி 120 கம்பிகளைப் புதைக்கும் வழக்கத்துக்குப் பின்னால் அந்த அளவீடுதான் நிற்கிறது. நீங்கள் நூற்றுக்குப் போக வேண்டாம். மண்மீது கிடக்கும் ரேடியலைக் கால் அலைநீளத்துக்கு அளந்து வெட்டவும் வேண்டாம். மண்ணைத் தொட்டவுடனே அதன் ஒத்திசைவு போய்விடுகிறது. பழைய மோட்டார் வைண்டிங் கம்பியோ, வயரிங் மிச்சமோ, இருப்பதை வைத்து 15 மீட்டரில் முப்பது போட்டாலே வித்தியாசம் தெரியும்.

கடலோரத்து நண்பர்கள் இந்த ரேடியல் கணக்கைத் தாண்டிப் போகலாம். நாகப்பட்டினம், இராமேஸ்வரம், தூத்துக்குடி, ஈசிஆர் ஓரம் இருக்கிற உங்களுக்கு உப்புத் தண்ணீரே தரைத்தளம். அலை வந்து தொடும் இடத்தில் வெர்டிகலை நட்டுப் பாருங்கள். உள்மாவட்டங்களில் நாங்கள் செம்பில் கொட்டும் காசு உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. நீங்களோ அதை விட்டுவிட்டு மாடியில் டைபோல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

டைபோலைப் பழிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். 80 மீட்டரில் 10 மீட்டர் உயரத்தில் கட்டிய டைபோல் அநேகமாக நேர் மேலே பார்த்துத்தான் கதிர்வீசும். மேலே போனது அயனமண்டலத்தில் பட்டு மழைத்தூறல் போலச் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். கோவை, மதுரை, சென்னை, யாழ்ப்பாணம் எல்லாம் அந்த வட்டத்துக்குள். வெள்ளமோ புயலோ வந்து செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டால் நமக்கு வேண்டியது இதுதான். பின்னிரவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊர்களைக் கைவிடும்போது 3.5 கைகொடுக்கும். 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, டிஎக்ஸ்பெடிஷனுக்காகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத்தின் குழு அப்படியே அவசரத் தொடர்புக்கு மாறியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தாழ்ந்த டைபோல் அந்த வேலைக்கு. அதே கம்பியில் ஐரோப்பாவை எதிர்பார்த்து உட்கார்ந்துவிட்டு 'பேண்ட் டெட்' என்று நெட்டில் அறிவிப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். 80 மீட்டரில் டைபோல் அடிவானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அரை அலைநீள உயரம், அதாவது 40 மீட்டர் வேண்டும்.

இனி விஷயத்துக்கு, அதாவது கேட்கும் பக்கத்துக்கு, வருகிறேன்.

ஈபிக்காரர்கள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு லைனை நிறுத்தும் நாள் ஒன்று உங்கள் ஊரிலும் வரும். அன்று ரிக்கை பேட்டரியில் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். 3.5-ல் வெறும் இரைச்சலை மட்டும் கவனியுங்கள். ஒன்பது மணிக்கு ஊசி ஒரு படி இறங்கும். அதற்குள் தெருவிலுள்ள அத்தனை வீட்டு இன்வெர்ட்டரும் முழித்துக்கொண்டு வேறு ஒரு ரீங்காரத்தைக் கிளப்பும். பன்னிரண்டு மணிக்கு மேல் அவற்றின் பேட்டரி ஒவ்வொன்றாகத் தீரத் தீர, ஊசி இன்னும் இறங்கும். ஒரு கட்டத்தில் ரிக் கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதியாகிவிடும். பிறகு கரண்ட் வந்ததும் பழைய இரைச்சல் முழுதாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்இடி பல்பின் டிரைவர், செட்டாப் பாக்ஸின் அடாப்டர், பிஎல்டிசி ஃபேன், பக்கத்து மொட்டைமாடியின் சோலார் இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைப் போடுகிறது. கடலோர ஊர்களில் ஈபி லைன் இன்சுலேட்டரில் படிந்த உப்பு பொறிவிட்டு இன்னொரு இரைச்சலைச் சேர்க்கும். நல்ல மழை ஒன்று கழுவிவிட்டால் அது மட்டும் அடங்கும்.

வீட்டுச் சுவரை ஒட்டி ஏறும் உங்கள் வெர்டிகல் இத்தனையையும் ஒன்று விடாமல் வாங்கிக் கொடுக்கிறது. அது நல்ல அனுப்பும் ஆன்டெனா என்பதே அதற்குக் காரணம். எந்தத் திசையிலிருந்து எது வந்தாலும் வஞ்சனையில்லாமல் வாங்கும்.

இங்கேதான் எஸ்-மீட்டர் உங்களை ஏமாற்றுகிறது. வெர்டிகலில் ஜெர்மன் நிலையம் ஒன்று எஸ்6-ல் இருக்கிறது, இரைச்சல் எஸ்8. ஒரு எழுத்துகூடக் காதில் விழாது. புதிதாகக் கட்டிய சின்ன லூப்புக்கு மாற்றுகிறீர்கள். ஜெர்மன்காரர் எஸ்3-க்கு இறங்கிவிட்டார். 'பாருங்கள், மூன்று புள்ளி போய்விட்டது, லூப் சரியில்லை' என்று அவிழ்த்து எறிந்தவர்களை எனக்குத் தெரியும். இரைச்சலைப் பார்த்தார்களா? அது எஸ்1-க்குப் போயிருந்தது. அந்த ஜெர்மன்காரரின் அழைப்புக்குறியைப் பெயர் உட்பட எழுதிக்கொள்ளும் நிலை வந்த தருணத்தில் ஆன்டெனாவை அவிழ்த்திருக்கிறார்கள்.

இந்த அலைவரிசைகளில் வாங்கும் ஆன்டெனாவுக்கு கெயின் தேவையே இல்லை என்றால் புதியவர்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள். இடியும் மின்னலும் ஊர் மின்சாரமும் சேர்ந்து வெளியிலிருந்து வரும் இரைச்சல், உங்கள் ரிசீவர் தானே உண்டாக்கும் இரைச்சலைவிடப் பல மடங்கு பெரியது. சோதனை எளிது. ராத்திரியில் ஆன்டெனா பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்பீக்கரின் இரைச்சல் சட்டென்று விழுந்தால், வெளி இரைச்சல் உள்ளே வருகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எவ்வளவு பெருக்கினாலும் சிக்னலும் இரைச்சலும் கைகோத்துக்கொண்டுதான் ஏறும். பிரீஆம்பை அணைத்து வையுங்கள். அட்டெனுவேட்டரைப் போடத் தயங்காதீர்கள்.

இதை நம் முன்னோடிகள் நூறு வருடத்துக்கு முன்பே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சிக்னல் அட்லாண்டிக்கைத் தாண்டுமா என்று பார்க்க ஏஆர்ஆர்எல் அமைப்பு பால் காட்லியை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. ஆர்ட்ராசன் என்ற கடலோர ஊரில், குளிரிலும் மழையிலும் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அவர் கேட்டார். அலைநீளம் 200 மீட்டருக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட நம் 160-க்குப் பக்கத்து வீடு. கனெக்டிகட்டின் கிரீனிச்சிலிருந்து 1பிசிஜி நிலையம் அனுப்பிய செய்தியை அவர் எழுதியெடுத்தார். எதில்? உயரமான கோபுரத்தில் இல்லை. தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில், அமெரிக்காவைப் பார்த்து நீளமாக இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பியில். ஹரால்ட் பெவரேஜ் அதே வருடம்தான் அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்.

அந்தப் பெவரேஜ் கம்பிக்கு ஒரு விசித்திர குணம். நல்ல மண்ணில் அது சோம்பேறி, கடல் உப்பில் உதவாது. மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத வறண்ட, பாறைப்பாங்கான பூமியில்தான், தரையை ஒட்டி வரும் அலை முன்பக்கம் சாய்ந்து கம்பியில் மின்னோட்டத்தை ஏற்றுகிறது. புதுக்கோட்டை, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து நண்பர்களே, வெர்டிகலுக்கு லாயக்கில்லை என்று நீங்கள் நொந்துகொள்ளும் செம்மண்ணும் கரடும் இதற்கென்றே அமைந்தவை. மானாவாரி அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும் தையும் மாசியும்தான் நமக்குக் கீழ் அலைவரிசைகளின் பருவமும்கூட. வடகிழக்குப் பருவமழையின் இடிச்சத்தம் ஓய்ந்திருக்கும். கோடை இடி இன்னும் தொடங்கியிருக்காது. 160 முதல் 180 மீட்டர் நீளம், இருபது மீட்டருக்கு ஒரு மூங்கில் கழி, மாடும் டிராக்டரும் சிக்காத உயரம். தூரத்து முனையில் 450 ஓம் ரெசிஸ்டர் போட்டு எர்த். பக்கத்து முனையில் 9-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து கோஆக்ஸ். ரெசிஸ்டர் இருக்கும் முனை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அங்கேதான் காது. ஐரோப்பாவுக்கு வடமேற்கு, ஜப்பானுக்கு வடகிழக்கு. கட்டுக்கம்பியே போதும், தடிமனைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே ஒரு கட்டளை உண்டு: ஈபி லைனுக்குக் கீழேயோ மேலேயோ ஓரத்திலேயோ கொண்டுபோகாதீர்கள். மேகம் கறுத்தால் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

அவ்வளவு நிலம் இல்லாதவர்களுக்கு கே9ஏஒய் லூப். 1997-ல் கியூஎஸ்டி இதழில் வந்த வடிவம். நடுவில் ஏழரை மீட்டர் கழி, அதிலிருந்து சுமார் 26 மீட்டர் கம்பி முக்கோணம் போல இறங்கி வந்து அடியில் முடியும். ஒரு முனையில் ரெசிஸ்டர், மறு முனையில் டிரான்ஸ்ஃபார்மர். குறுக்கே இன்னொன்று கட்டி, பெட்டிக்குள் இரண்டு ரிலே வைத்தால் நாலு திசையும் சுவிட்சில் வந்துவிடும். இரைச்சலைத் திசைவாரியாக ஒதுக்கும் திறனுக்கு ஆர்டிஎஃப் என்று ஓர் அளவு சொல்கிறார்கள்: சின்ன வெர்டிகலுக்கு 5 டெசிபல், இந்த லூப்புக்கு 7 சொச்சம், ஓர் அலைநீளப் பெவரேஜுக்கு 10-ஐ ஒட்டி. இரண்டரை டெசிபல் என்ன பெரிது என்று கேட்காதீர்கள். காதில் விழாத ஒன்றுக்கும் விழுவதற்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

மொட்டைமாடியும் இல்லை, கழி நடவும் விடமாட்டார்கள் என்பவர்கள் தெரிந்தவர் தோட்டத்தில் பக்கத்துக்கு நாலரை மீட்டராக ஒரு சதுரம், புல்லில் கம்பியைப் பரப்பிப் பாருங்கள். தரை லூப் என்று சொல்கிறார்கள். பார்ப்பதற்குத் துணி காயப்போடும் கொடி அறுந்து விழுந்தது மாதிரிதான் இருக்கும். ஆனாலும் வீட்டிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி வைத்தால் அது செய்யும் வேலையைப் பார்த்துத் திட்டமாட்டீர்கள்.

எதைக் கட்டினாலும் கோஆக்ஸின் வெளித்தோலை மறக்க வேண்டாம். வீட்டு இரைச்சல் அந்தத் தோலில் ஏறி ஆன்டெனா வரை நடந்துபோய் உள்ளே வந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு சுற்றும் தனித்தனியாக இருக்கட்டும். ஃபெர்ரைட் வளையத்தில் கோஆக்ஸைப் பல சுற்று சுற்றுங்கள். ஷேக்கின் எர்த்தை அங்கே இழுக்காமல் ஆன்டெனாவுக்கென்று தனி எர்த் அடியுங்கள். ரிக்கின் பின்னால் ஆர்எக்ஸ் ஆன்டெனா ஜாக் இருந்தால் பாக்கியம். இல்லாதவர்கள் தனி எஸ்டிஆர் ரிசீவர் ஒன்றைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, பேசும்போது ரிலேயால் அதன் ஆன்டெனாவைத் துண்டித்துவிடலாம். தவறிப்போய் 100 வாட்டை லூப்புக்குள் அனுப்பினால் டிரான்ஸ்ஃபார்மரும் ரெசிஸ்டரும் வாசனையோடு விடைபெறும்.

இத்தனையும் வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கிறது; பெல்ஜியத்து ஜான் டெவோல்டரின் 'லோ-பேண்ட் டிஎக்ஸிங்' புத்தகத்தில் இதைவிட நூறு மடங்கு இருக்கிறது. அவற்றில் இல்லாமலோ, ஓரமாக மட்டுமோ இருக்கும் ஒரு விஷயத்துக்காகத்தான் உங்களை முக்கியமாக வேண்டிக்கொள்கிறேன்.

நாம் இருப்பது காந்த நடுக்கோட்டை ஒட்டி. தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கோடு அதன் அருகே போனதால்தான். திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் இதற்காகத்தான். பெல்ஜியத்தில் பூமியின் காந்தப்புலம் நல்ல சரிவாகத் தரைக்குள் பாய்கிறது. நம் தலைக்கு மேலே அது வடக்கு தெற்காகத் தட்டையாகப் படுத்திருக்கிறது. 160 மீட்டர் அலை அயனமண்டலத்துக்குள் நுழையும்போது இரண்டு அலைகளாகப் பிரியும். அவற்றில் ஒன்று, எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றும் அதிர்வெண்ணுக்கு (நம் பக்கம் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ்) அருகில் இருப்பதால் வழியிலேயே பெருமளவு உறிஞ்சப்பட்டுவிடும். தப்பித்துப் போகும் மற்றது காந்தப்புலத்துக்கு இணையான மின்புலம் கொண்டது. காந்தப்புலம் இங்கே படுத்திருப்பதால், கிழக்கு மேற்காகப் போகும் பாதையில் தப்பிக்கும் அலை படுக்கை முனைவாக்கம் கொண்டதாகிறது. வெர்டிகல் செங்குத்தாக அனுப்புவது உறிஞ்சப்படும் அலையோடுதான் போய்ச் சேருகிறது. வடக்கு தெற்குப் பாதையில் இந்த வஞ்சனை இல்லை. அங்கே இரண்டு அலைகளும் வட்டமாகச் சுழல்பவை, எந்த ஆன்டெனாவுக்கும் பங்கு கிடைக்கும்.

யோசித்துப் பாருங்கள். 'டிஎக்ஸுக்கு வெர்டிகல், வேறு பேச்சில்லை' என்ற பாடம் உயர் அட்சரேகைக்காரர்கள் தங்கள் வானத்தை வைத்து எழுதியது. நம் வானத்தில் 160-ல் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும்போது, வடக்கு தெற்காகக் கட்டிய டைபோல் உயரம் போதாவிட்டாலும் வெர்டிகலைத் தோற்கடிக்கக்கூடும். பெவரேஜும் கே9ஏஒய்யும் செங்குத்து அலையைக் கேட்பவை என்பதால் கேட்கும் பக்கமும் இதே கேள்வி எழுகிறது. தாழ்ந்த கோணத்தில் தாழ்ந்த டைபோல் இழப்பதும், முனைவாக்கத்தில் வெர்டிகல் இழப்பதும் எது எதைவிடப் பெரிது? அது பாதைக்குப் பாதை, ராத்திரிக்கு ராத்திரி மாறும். 80 மீட்டரில் இந்த விளைவு குறைந்துவிடும். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் இந்தக் கோட்டை ஒட்டி வசிக்கிறவர்கள். நாகர்கோவில், தூத்துக்குடி, திருநெல்வேலி ஹாம்களே, உலகத்தில் மிகச் சிலருக்கே வாய்த்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு 40 மீட்டரில் வானிலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சொல்வதற்கு எனக்கே வருத்தமாக இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள்.

இந்தப் பருவத்தில் லீனியருக்கு என்று ஒதுக்கிய பணத்தைத் தொடாதீர்கள். மார்கழி முடிவதற்குள் கேட்பதற்கு மட்டும் ஓர் ஆன்டெனா கட்டுங்கள், எது இடத்துக்குப் பொருந்துமோ அது. நிலம் வைத்திருக்கும் சீனியர்கள், அறுவடை முடிந்த வயலை இரண்டு மாதம் உங்கள் ஊர் கிளப்புக்குத் திறந்துவிடுங்கள். கழி நடவும் கம்பி இழுக்கவும் இளைஞர்கள் வருவார்கள். கிளப் நடத்துபவர்கள் அடுத்த கூட்டத்தில் ரிக் காட்சிக்குப் பதிலாக ஒரு 9-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் காட்டுங்கள். ஒரு ஃபெர்ரைட் வளையமும் கொஞ்சம் எனாமல் கம்பியும்தான் செலவு. புதிதாக உரிமம் வாங்கியவர்கள் சக்தி குறைவு என்று ஒதுங்க வேண்டாம். கேட்பதற்கு வாட் கணக்கு இல்லை.

கட்டியதும் மீட்டரைத் துணி போட்டு மூடிவிட்டு ஒப்பிடுங்கள். 3573 கிலோஹெர்ட்ஸில் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை ஓடுகிறது. ஒவ்வொரு நிலையத்தின் சிக்னலும் இரைச்சலுக்கு எத்தனை டெசிபல் மேலே அல்லது கீழே என்று கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துவிடும். ஒரு நிமிடம் பழைய ஆன்டெனா, ஒரு நிமிடம் புதியது என்று மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டு ரிசீவர் இருந்தால் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். இருட்டியதும் கிழக்கே, விடிவதற்கு முந்தைய அரைமணியில் மேற்கே. ஜனவரிக் கடைசி வாரயிறுதியில் சிக்யூ 160 சிடபிள்யூ போட்டி வருகிறது. உலகமே 160-ல் இருக்கும் இரண்டு ராத்திரிகள். கலந்துகொள்ளாவிட்டாலும் உட்கார்ந்து கேளுங்கள். டைபோலில் யார் வந்தார், வெர்டிகலில் யார் வந்தார், லூப்பில் மட்டும் வந்தது யார், எந்தத் திசை, எத்தனை மணி என்று நோட்டில் குறியுங்கள். தென்மாவட்டத்துக்காரர்கள் வடக்கு தெற்கு டைபோலைக் கட்டாயம் ஒரு பத்தியில் சேருங்கள்.

பங்குனியில் அந்த நோட்டுகளோடு நெட்டுக்கு வாருங்கள். அன்று யாரும் 59 கொடுக்க வேண்டாம். யாருக்கு எது கேட்டது, எது கேட்கவில்லை என்று மட்டும் பேசுவோம்.